சுமந்து பார்த்துச் சொல்லுங்க

கடையில் இருக்கிற வரைக்கும் எல்லாப் பொருளும் நல்ல பொருள்தான், நம்மோடு ஒரு நாள் முழுக்க இருந்தால்தான் அதன் குணம் தெரியும் என்பது எதிர் வீட்டு அக்காவின் கட்சி.

கல்கத்தா டாக்குரியாவில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடி வருவதற்கு முன்னால் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை காலி வீட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தாராம். பிளாஸ்கில் டீ, ஒரு பொட்டலம் பொரி. எந்த ஜன்னலில் எப்போது வெயில் வருகிறது, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது, ரயில் போகும்போது உள்ளே பேசினால் கேட்கிறதா என்று பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

"கிறுக்கின்னு நெனச்சிட்டாவ. நெனச்சா நெனச்சிட்டுப் போறாவ. பதினாலு வருசம் குடியிருக்கேன்லா?" என்பார்.

அக்காவுக்குத் தூத்துக்குடி. கிடர்பூரில் துறைமுக அலுவலகத்தில் சரக்குக் காகிதங்கள் பார்க்கும் வேலை. அங்கே வந்து சேர்ந்தபோது இருபத்தாறு வயது. நான் பழகியபோது ஐம்பத்தொன்று. வங்காளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், ஆனால் அதிலும் தூத்துக்குடி ராகம் இருக்கும். நான் திருச்சியிலிருந்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் அவளும் கணவரும் திருச்சியிலேயே தங்கிவிட, நான் மட்டும் எதிர் வீட்டில்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவராகவே ஒரு நாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். இருபத்தொன்பது வயதில் ஊரில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்களாம். நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம். "ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அவரு கூட நான் கடைகண்ணிக்குப் போயிட்டு வாரேன். என் தம்பியும் கூட வரட்டும். பொறவு சொல்லுதேன்" என்றாராம். அந்த வீட்டில் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

"வருத்தமா இல்லையாக்கா?"

"எதுக்கு? ஒரு நாள் கூட வர யோசிச்சவரு முப்பது வருசம் எப்படி வருவாரு?" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டார்.

செருப்பு வாங்கப் போனால் கடைக்குள்ளேயே அரை மணி நேரம் நடப்பார். நாற்காலி வாங்கப் போன இடத்தில் உட்கார்ந்து ஒரு முழுச் செய்தித்தாளையும் படித்து முடித்தாராம். கடைக்காரர் முதலில் முறைத்துவிட்டு, கடைசியில் தேநீர் வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். "அப்பம் என்னத்துக்குக் கோவம்? நாற்காலி உக்காரத்தானே?" என்பது அவர் நியாயம்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் லென்ஸ் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

கல்கத்தாவில் ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டுவதற்காக ஒரு மிர்ரர்லெஸ் கேமரா வாங்கியிருந்தேன். பழையது, ஆனால் நன்றாக இருந்தது. கூட ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ். ஐம்பதில் ஜூம் கிடையாது, பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். எனக்கு அதுதான் தகராறு. ஆட்களின் கிட்டே போய் நின்று கேமராவைத் தூக்க எனக்குக் கூச்சம். எந்நேரமும் மாட்டியபடியே வெளியே கிளம்பிப் போகிற மாதிரி ஒரே ஒரு ஜூம் லென்ஸ் வாங்கிவிடலாம் என்று இரண்டு மாதமாக இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

மூன்று லென்ஸ்கள் மனதில் இருந்தன. இருபத்துநாலிலிருந்து எழுபது வரை போகிற ஒன்று. இருட்டிலும் பளிச்சென்று எடுக்கும், ஆனால் கனம். இருபத்துநாலிலிருந்து நூற்றைந்து வரை போகிற இன்னொன்று. எதிலும் நடுத்தரம். மூன்றாவது இருபத்தெட்டிலிருந்து இருநூறு வரை போவது. தூரத்தில் இருப்பதைக் கண் முன்னால் கொண்டுவந்துவிடும், மூன்றிலும் கனம் குறைவு, ஆனால் வெளிச்சம் குறைந்தால் தடுமாறும்.

எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மொத லென்சு எவ்வளவு கனம்?"

"எண்ணூத்தைம்பது கிராம் இருக்கும்."

"கேமரா?"

"அறுநூத்தம்பது."

உள்ளே போனார். மசூர் பருப்பு டப்பாவையும் சமையல் தராசையும் எடுத்து வந்து, ஒன்றரைக் கிலோ பருப்பை அளந்து ஒரு துணிப் பையில் கட்டினார். அதற்கு ஒரு நீளமான வாரையும் தைத்தார். "நாளைக்கு ஆபீசுக்கு இதக் கழுத்துல மாட்டிட்டுப் போங்க. கழட்டக் கூடாது. சாயந்தரம் வந்து சொல்லுங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் டாக்குரியா ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறும்போதே பருப்பு மூட்டை முன்னால் நின்ற பெண்ணின் முதுகில் இடித்தது. சியால்தாவில் இறங்கி பஸ் பிடித்து ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன். "ஏதாவது பூஜையா?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மத்தியானத்துக்கு மேல் இடது தோளிலிருந்து கழுத்து வரை ஒரு கம்பி இழுத்துக் கட்டியதுபோல் வலி. எனக்கு முந்தின வருடம்தான் அந்தத் தோள் இறுகிப்போய், ஆறு மாதம் கையைத் தூக்க முடியாமல் இருந்தது. இணையத்தில் படித்த எந்தக் கட்டுரையும் என் தோளைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

சாயங்காலம் பையைக் கழற்றி அக்கா வீட்டு மேஜையில் வைத்தேன். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "ஒண்ணு போச்சு. மிச்சம் ரெண்டு" என்று சொல்லி, பருப்பை டப்பாவில் கொட்டினார்.

மிச்சம் இரண்டையும் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. எஸ்பிளனேடு பக்கம் கேமராக் கடைகளாக இருக்கும் ஒரு சந்தில், சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கலாம். கடைக்காரர், "தீதி, எதற்கு இந்தச் சிரமம்? வீடியோவில் எல்லாம் சொல்லியிருக்கிறார்களே" என்று வங்காளத்தில் கேட்டார். "வீடியோல பேசுதவன் என் கூட ஞாயித்துக்கெழம நடப்பானா?" என்று அக்கா தமிழிலேயே என்னிடம் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார்.

முதல் ஞாயிறு நடுத்தர லென்ஸோடு ஏரிக்கரைக்குப் போனோம். ஜனவரி மாதக் குளிர். குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். துடுப்புப் படகுகளை எடுத்தேன், மரத்தடியில் கேரம் ஆடியவர்களை எடுத்தேன். கொக்கு மட்டும் எத்தனை இழுத்தும் சுண்ணாம்புப் பொட்டு மாதிரிதான் வந்தது. அக்கா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். 'தோள் வலி இல்லை. முகம் நல்லா வருது. கொக்கு வரலை. மூணு தடவை பக்கத்துல போகணும்னு நின்னாங்க, போகலை.'

"கடைசி வரி எதுக்குக்கா?"

"அதும் ஒரு குணம்தானே. லென்சுக்கு இல்ல, ஒங்களுக்கு."

இரண்டாவது ஞாயிறு நீள லென்ஸோடு ஹவுரா பாலத்தடிக்கு. விடியற்காலை பூச்சந்தை. தார்ப்பாய்க்குக் கீழே இருட்டில் சாமந்தி மாலைகள் மலைமலையாய்க் கிடந்தன. அங்கே அந்த லென்ஸ் திணறிவிட்டது. முகங்களெல்லாம் மணல் தூவியதுபோல வந்தன. அக்கா 'இருட்டில் ஆகாது' என்று எழுதிக்கொண்டார். பிறகு நல்ல வெயில் வந்தது. படகுத்துறையில் உட்கார்ந்து இருவரும் கச்சோரி சாப்பிட்டோம்.

"எனக்கு முட்டி வலிக்குது. நான் இங்கன பெஞ்சில இருக்கேன். நீங்க ஒரு தடவ அந்தக் கரைக்குப் போயிட்டு வாங்க, நடு ஆத்துல இருந்து எடுத்துப் பாருங்க. அதுக்குத்தானே இந்த நீளம்?" என்றார்.

படகு கிளம்பியது. பின்பக்கக் கம்பியில் சாய்ந்துகொண்டு, லென்ஸை இருநூறு வரைக்கும் இழுத்துப் படகுத்துறையைப் பார்த்தேன். பெஞ்சில் அக்கா. தூரம் கூடக்கூட ஃபோகஸ் நிற்கிறதா என்று சோதிக்க அவரையே ஏழெட்டுப் படம் எடுத்தேன். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார், பிரித்துப் படித்தார், மடித்து உள்ளே வைத்தார். காலண்டர் தாளாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது, "கப்பல் கவுந்துருச்சோன்னு நெனச்சேன்" என்று கேலி பேசினார். வழியெல்லாம் சிரிப்பும் பேச்சுமாகத்தான் வந்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டில் என் லேப்டாப்பில் படங்களைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு லென்ஸின் துல்லியத்தையும் ஒப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். படகு, பாலம், காக்கை. அடுத்தது பெஞ்சில் அக்கா.

படம் அவ்வளவு துல்லியம். திரை முழுக்க அவர் முகம் வந்து நின்றது. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் எங்கேயும் பார்க்கவில்லை. மடியில் காகிதம். வலது கை இடது அக்குளுக்குக் கீழே மார்பின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தது.

நான் அடுத்த படத்துக்குப் போகவில்லை. அக்காவும் போகச் சொல்லவில்லை.

"இம்புட்டுத் தூரத்துல இருந்தா பாத்தீங்க?" என்றார் கடைசியில். "பக்கத்துல இருக்கும்போது தெரியலியே ஒங்களுக்கு."

"என்னக்கா அந்தப் பேப்பர்?"

எழுந்து போய் டீ போட்டார். கொண்டு வந்து வைத்தார். பிறகு கைப்பையைத் திறந்து காகிதத்தை என் முன்னால் வைத்தார். மார்பில் இருக்கும் கட்டியில் ஊசி போட்டுச் சதையை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. மடிப்புகளில் கிழிந்து, பின்னால் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"இது எப்போ எழுதினது?"

"துர்கா பூஜைக்கு முன்னால."

"பூஜைக்கு முன்னாலயா? இப்பப் பொங்கல் வரப் போகுதுக்கா!"

"வலிக்குதா, வளருதான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ஒரு நாள் பாப்போம், நாளைக்கு ஒரு நாள் பாப்போம்னு..." குரல் இறங்கிவிட்டது. "ஒண்ணும் வலி இல்ல பாத்துக்கிடுங்க."

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "இது செருப்பு இல்லக்கா! போட்டு நடந்து பாத்துட்டு வேண்டாம்னு கழட்டி வைக்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "சரி. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

"அந்தப் படத்தை அழிச்சிடவா?"

"இருக்கட்டும். நாளைக்குச் சொல்லுதேன்."

லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நான் சொன்னதில் தப்பில்லை, சொன்ன விதம்தான் தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன். திருச்சிக்கு ஃபோன் செய்து கணவரிடம்கூட ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

காலை ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். அக்கா குளித்து, கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலையில், கையில் லேப்டாப்போடு நின்றார்.

"இன்னைக்கு ஆபீசுக்கு லீவு சொல்ல முடியுமா?"

"முடியும்."

"அந்தப் படத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுல இருக்கது நானுன்னே தோணல. யாரோ ஒரு பொம்பள, பயந்துபோயி ஒக்காந்திருக்கா. இவளுக்கு ஆளே கெடையாதா, யாராவது இவளக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகக் கூடாதான்னு இருந்துச்சு." லேப்டாப்பை என் கையில் கொடுத்தார். "இப்பம் அழிச்சிருங்க."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெஞ்சில் எடுத்த எல்லாவற்றையும் அழித்தேன். கேமராவில் இருந்ததையும்தான்.

மருத்துவமனையில் நாள் முழுக்கக் காத்திருந்தோம். வரிசை எண் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் என் மணிக்கட்டைப் பிடித்தார், தன் எண் இல்லையென்றதும் விட்டார். நடுவில் திடீரென்று, "ஐயோ, லென்சத் திருப்பிக் கொடுக்கணுமே இன்னைக்கு!" என்றார்.

"அது கெடக்கட்டும்க்கா."

"கெடக்கட்டும்னா? அந்த மனுசன் நம்பிக் கொடுத்திருக்கான்." அடுத்த எண்ணும் அவருடையது இல்லை, என் மணிக்கட்டை விட்டார். "நீளமானதையே வாங்குங்க. இருட்டுக்கு ஒங்க கிட்ட அந்த அம்பது இருக்குலா, பூச்சந்தைக்கு அதக் கொண்டு போங்க. பக்கத்துல வந்து கேட்டா மனுசங்க மூஞ்சிய மாத்திக்கிடுதாங்க. நானே மாத்துனேம்லா?"

"கேக்காம எடுத்தது தப்புதானேக்கா?"

"தப்புதான்" என்றார். "எடுத்துட்டு எங்கிட்ட காட்டுனீங்கல்லா, அது சரி."

சோதனை முடிவு வந்தது. கட்டி கெட்ட கட்டிதான். நாலு மாதத்தில் கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது. மார்பின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாமா, முழுக்க எடுத்துவிடலாமா என்று டாக்டர் விளக்கி, இரண்டு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்றபோது, அக்கா தலையை ஆட்டினார். "யோசிக்கதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு எது நல்லதுன்னு நீங்க நெனைக்கீங்களோ அதச் செய்யுங்க, சீக்கிரமாச் செய்யுங்க" என்று வங்காளத்தில் சொன்னார். வெளியே வந்ததும் வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

தூத்துக்குடியிலிருந்து தம்பி வந்து மூன்று வாரம் இருந்தார். அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்ற ஆரம்பித்தபோது முடி கொட்டியது. வாந்திக்கு நடுவிலும் மாடியிலிருந்து சத்தம் போட்டு மீன்காரரோடு பேரம் பேசினார். நான் அந்த நீள லென்ஸை வாங்கினேன். படம் எடுத்தால் அதில் இருப்பவரிடம் போய்க் காட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதனால் எப்படியும் கிட்டே போக வேண்டியதாயிற்று. படகுத்துறையில் கச்சோரி விற்கிறவர், ஏரிக்கரையில் கேரம் ஆடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பழக்கமானார்கள். சிலர் அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன்.

அடுத்த பூஜைக்குள் அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். அதற்கடுத்த வருடம் எனக்குத் திருச்சிக்கே மாற்றல் வந்தது. ஹவுரா ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தவர், நல்லா இருங்க என்றோ மறந்துராதீங்க என்றோ ஒன்றும் சொல்லவில்லை. என் பெட்டி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, கனமானதைக் கீழே வைக்கச் சொன்னார்.

மாதம் ஒரு தடவையாவது பேசுவோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, ஒன்றும் இல்லை என்று வரும். போன வாரம் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு அழைத்தார். அந்த நேரத்தில் அழைக்க மாட்டாரே என்று கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எடுத்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தார். "எங்க ஆபீஸ் வாசல்ல டீக்கடை வச்சிருக்கவ, அவளுக்கும் என்னிய மாதிரித்தான். நேத்துதான் எங்கிட்ட சொன்னா. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு மாசம் ஆச்சாம். மக பிரசவம் முடியட்டும், பொறவு பாக்கலாம்னு சொல்லுதா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. காலையில போனேன், அவ அடுப்ப அணைச்சேன், கையப் புடிச்சு டாக்சில ஏத்திட்டேன். இப்பம் ஆசுபத்திரிலதான் இருக்கோம்."

அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் வங்காளத்தில் உரக்கத் திட்டுவது எனக்குக் கேட்டது. அடுப்பில் இருந்த பால் அத்தனையும் வீணாய்ப் போயிற்றாம், கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாயிற்றாம், இப்படியும் ஒரு மனுஷி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் குரல்.

"திட்டட்டும்" என்றார் அக்கா. "நம்பர் கூப்பிடுதாங்க. வச்சிருதேன்."

வைத்துவிட்டார்.